மனிதத் தமனி வளையத்தில் பீட்டா ஏற்பித் தளர்வை அளப்பது: நீலகிரி உயரத்தில் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

அட்ரினலின் இரத்தக்குழாயைச் சுருக்குமா, தளர்த்துமா? இரண்டையும் செய்யும். 1906இல் ஹென்றி டேல், எர்காட் சாற்றை முதலில் செலுத்திவிட்டு அதன்பின் அட்ரினலின் கொடுத்தபோது, ஏற வேண்டிய இரத்த அழுத்தம் இறங்கியது. சுருக்கும் பக்கம் அடைபட்டதும், அதுவரை மறைந்திருந்த தளர்த்தும் பக்கம் வெளியே தெரிந்தது. 1948இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் இவ்விரண்டுக்கும் காரணமான ஏற்பிகளுக்கு, அதாவது செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடங்களுக்கு, ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். அந்த இழுபறி ஒவ்வொரு தமனியிலும் இன்றும் நடக்கிறது. அதில் தளர்வின் பங்கை மட்டும் பிரித்து அளப்பதே இங்கே சொல்லப்போகும் வேலை. தமனியிலிருந்து வெட்டிய வளையத்தை, வெதுவெதுப்பான கரைசல் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் (பாத்) இரு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, அதன் இழுவிசை ஏறி இறங்குவதைக் கோடாகப் பதிவு செய்வோம்.

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் மருந்தியலோ உடலியங்கியலோ முதுநிலை படிப்பவர்களையும் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. சமவெளி ஆய்வகங்களில் எழுதிய செய்முறையை அப்படியே மலையில் செய்தால் சில இடங்களில் தவறும். அந்த இடங்களை விரிவாகச் சொல்லியிருக்கிறோம். கொடைக்கானலில் செய்பவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் சற்று மாறும்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

தமனிச் சுவரின் மென்தசைச் செல்லில் ஆல்ஃபா-1 ஏற்பி தூண்டப்பட்டால் ஜிக்யூ புரதம், பாஸ்போலிபேஸ் சி, ஐபி-3 என்று சங்கிலி ஓடி, செல்லின் உள் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே கொட்டும். கால்சியம் கால்மோடுலினோடு சேர்ந்து மயோசின் இலகுச் சங்கிலி கைனேஸை இயக்கும். மயோசினில் பாஸ்பேட் ஏறும், தசை சுருங்கும். கூடவே புரோட்டீன் கைனேஸ் சியும் ரோ கைனேஸும் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அடக்கி வைப்பதால் சுருக்கம் நீடிக்கும்.

பீட்டா-2 ஏற்பி இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஜிஎஸ் புரதம் அடினைல் சைக்ளேஸைத் தூண்ட, சைக்ளிக் ஏஎம்பி பெருகி, புரோட்டீன் கைனேஸ் ஏ விழிக்கிறது. அது ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும். பொட்டாசியம் கால்வாய்களைத் திறந்து சவ்வின் மின்னழுத்தத்தை மேலும் எதிர்மறையாக்கும். அதனால் எல்-வகைக் கால்சியம் கால்வாய்கள் மூடும். பாஸ்போலாம்பன் வழியாகக் கால்சியத்தை மீண்டும் கிடங்கில் ஏற்றும். மயோசின் கைனேஸுக்குக் கால்மோடுலின் மீதுள்ள பற்றைக் குறைக்கும். பிறகு பாஸ்போடைஎஸ்டெரேஸ் 3, 4 ஆகிய நொதிகள் சைக்ளிக் ஏஎம்பியை உடைக்க, எல்லாம் பழைய நிலைக்கு வரும்.

குழாயின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் செல் படலமான எண்டோதீலியத்திலும் பீட்டா ஏற்பிகள் உண்டு. அங்கிருந்து நைட்ரிக் ஆக்சைடு வழியாகவும் தளர்வு வரும். மனிதக் கரோனரி நுண்தமனிகளில் பீட்டா-3 இப்படி வேலை செய்கிறது. எண்டோதீலியத்து ஆல்ஃபா-2 ஏற்பியும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத் தளர்த்தும். அதே ஆல்ஃபா-2 மென்தசையில் இருந்தால் சுருக்கும்.

மலைவாழ் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. தோலின் சிறு தமனிகளில் ஆல்ஃபா-2சி ஏற்பிகள் சாதாரண வெப்பத்தில் செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும். சுமார் 28 டிகிரிக்குக் குளிர்ந்ததும் ரோ கைனேஸ் வழியாகச் சவ்வுக்கு ஏறி வரும். உறைபனிக் காலத்து விடியலில் விரல் நுனி வெளுப்பதில் இதற்குப் பங்குண்டு. தோல் குழாய்களில் எதிர்த்து நிற்கும் பீட்டா-2 குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் ப்ரோப்ரனலால் போன்ற மருந்து அடைத்துவிட்டால், ஏற்கெனவே சில்லிட்டிருக்கும் கை இன்னும் சில்லிடும்.

எந்தத் தமனி, எங்கிருந்து

பைபாஸ் அறுவையில் மிஞ்சும் உள்மார்புத் தமனி, ரேடியல் தமனி, வயிற்று அறுவையில் கிடைக்கும் ஒமென்டத் (குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம்) தமனி, பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் தமனிகள் ஆகியவையே கைக்கு எட்டுபவை. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் நஞ்சுக்கொடி இங்கேயே கிடைக்க வழியுண்டு. இதய அறுவைத் திசுவுக்குப் பெரும்பாலும் கோவைதான்.

எதை எடுத்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், தமிழில் எழுதி வாசித்துக் காட்டிப் பெற்ற சம்மதமும் முதலில் வேண்டும். எறியப்போகும் திசுதானே என்று விடக்கூடாது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் மிச்சத் திசுவுக்கும் பொருந்தும். பிரசவத் திசுவுக்கு வலி தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வலியில் இருக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை:

- உள்மார்புத் தமனியில் ஆல்ஃபா-1 பலம், பீட்டா பலவீனம். பீட்டா ஏற்பிகளைத் தூண்ட நாம் பயன்படுத்தும் மருந்தான ஐசோப்ரெனலினுக்குச் சிறிய தளர்வுதான் வரும். அதைச் சோதனையின் தோல்வி என்று எண்ண வேண்டாம், அந்தத் தமனியின் இயல்பு அது.
- தொப்புள்கொடித் தமனிக்கு நரம்பே கிடையாது. அசிட்டைல்கோலினுக்கும் அது தளராது. எண்டோதீலியம் உள்ளதா என்பதை அங்கே அசிட்டைல்கோலினை வைத்து முடிவு செய்யாதீர்கள்.
- ஒமென்டத் தமனி போன்ற சிறு குழாய்களுக்குக் கொக்கி ஒத்துவராது. 40 மைக்ரோமீட்டர் கம்பியில் வளையத்தை மாட்டி இழுவிசை அளக்கும் மயோகிராஃப் கருவி வேண்டும்.

கை பழகும்வரை இறைச்சிக் கடையில் அன்று அறுத்த ஆட்டின் இதயத்தை வாங்கி, கரோனரித் தமனியில் வளையம் வெட்டிப் பழகுங்கள். மனிதத் திசு வந்த பிறகு கத்தரி பிடிக்கக் கற்பது, திசு கொடுத்தவருக்குச் செய்யும் அவமரியாதை.

நோயாளியின் வயது, நீரிழிவு, எடுத்துக்கொண்டிருந்த மருந்துகள் ஆகியவற்றைப் பெயரில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற பீட்டா தளர்வு குறையும். பைபாஸுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பீட்டா தடுப்பி சாப்பிடுபவர்கள். மெட்டோப்ரோலால் கழுவினால் போய்விடும். கார்வெடிலால் ஏற்பியை விட்டு மெதுவாகத்தான் கழலும்.

அறுவை மருத்துவரிடம் முன்பே கேட்டுவைக்க வேண்டியது இன்னொன்று. இழுப்பு வராமலிருக்க மார்புத் தமனி மேல் பாப்பாவெரின் தெளிப்பது வழக்கம். அது பாஸ்போடைஎஸ்டெரேஸை அடக்கி, சைக்ளிக் ஏஎம்பியைத் தானே உயர்த்திவிடும். தெளிக்கும் முன் வெட்டிய துண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், தெளித்தது என்று குறிப்பேட்டில் எழுதி, கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

மலைக்குக் கொண்டுவருவது

கோவையிலிருந்து உதகைக்குச் சுமார் 85 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியே மூன்று மணி நேரம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு வந்தால் கோத்தகிரி வழி சுற்ற வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குத் தயாராகவே பெட்டியைக் கட்டுங்கள்.

பைகார்பனேட் கரைசலில் திசுவை அனுப்பாதீர்கள். மேலே ஏற ஏற காற்றழுத்தம் குறையும், கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறும், பிஎச் உயரும். வாயு தேவைப்படாத ஹெப்பெஸ் கரைசலே பயணத்துக்கு ஏற்றது. கீழே வரும் கிரெப்ஸ் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) பட்டியலில் சோடியம் பைகார்பனேட்டை நீக்கி, லிட்டருக்கு ஹெப்பெஸ் 2.38 கிராம், சோடியம் குளோரைடு 8.30 கிராம் என்று மாற்றி, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4க்குக் கொண்டுவாருங்கள். குப்பியை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் திருகி மூடுங்கள். குப்பி பனிக்கட்டியை நேராகத் தொட்டால் சுவரை ஒட்டிய திசு உறையும். துணி சுற்றி வையுங்கள். சேரும்போது 4 டிகிரி அளவில் இருக்க வேண்டும்.

எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் எந்தத் திசுவிலும் இருக்கலாம் என்று எண்ணியே இரட்டைக் கையுறையுடன் கையாளுங்கள். மிச்சத் திசு மஞ்சள் பைக்குப் போக வேண்டும். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்கிறது.

கிரெப்ஸ் கரைசலும் உதகையின் காற்றழுத்தமும்

சமவெளிக்கான கலவை, ஒரு லிட்டருக்கு:

- சோடியம் குளோரைடு 6.90 கிராம் (118 மில்லிமோலார்)
- பொட்டாசியம் குளோரைடு 0.35 கிராம் (4.7)
- மெக்னீசியம் சல்பேட், ஏழு நீர் மூலக்கூறு உள்ளது, 0.30 கிராம் (1.2)
- பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16 கிராம் (1.2)
- சோடியம் பைகார்பனேட் 2.10 கிராம் (25)
- குளுக்கோஸ் 1.98 கிராம் (11)
- கால்சியம் குளோரைடு, இரு நீர் மூலக்கூறு உள்ளது, 0.37 கிராம் (2.5)
- டைசோடியம் ஈடிடிஏ 10 மில்லிகிராம்

கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மற்றவை கரைந்து, 95 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள கார்போஜனைப் பத்து நிமிடம் ஊதிய பிறகு, தனியே கரைத்த கால்சியத்தைக் கலக்கியபடி ஊற்றுங்கள். முன்பே சேர்த்தால் வெண்மையாகக் கலங்கும். கலங்கிய கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வடிகட்டிப் பயன்படுத்தினால் கால்சியம் எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது.

மலையில் தவறும் முதல் இடம் இதுதான். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 37 டிகிரி நீராவியின் 47ஐக் கழித்தால் 713. அதில் 5 சதவீதம், கிட்டத்தட்ட 36, கார்பன் டைஆக்சைடின் பங்கு. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அழுத்தம் சுமார் 580. அதே உருளை, அதே 5 சதவீதம், ஆனால் பங்கு 27க்குள் அடங்கிவிடும். 25 மில்லிமோலார் பைகார்பனேட்டுக்குக் கடல்மட்டத்தில் பிஎச் 7.46 அளவில் நிற்கும், உதகையில் 7.58க்குப் போகும். ஆக்சிஜன் 500 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் அதில் குறை வராது.

காரம் ஏறிய கரைசல் இரண்டு விதத்தில் கெடுக்கும். குழாயின் அடிப்படை இறுக்கத்தை மாற்றும். ஐசோப்ரெனலின் போன்ற கேட்டக்கோலமைன்களை விரைவாக ஆக்சிகரணம் செய்யும். மருந்தின் செறிவுக்கு எதிரே தளர்வை வரையும் வளைகோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கும். காரணம் ஏற்பியில் இருக்கிறது என்று எண்ணி வீணாகத் தேடுவீர்கள்.

தீர்வு எளிது. பைகார்பனேட்டை இந்தக் கணக்குப்படி குறையுங்கள்: 25 × (உங்கள் ஊர்க் காற்றழுத்தம் − 47) ÷ 713. உதகைக்கு 18.7 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 1.57 கிராம். குறைந்த சோடியத்தை ஈடுகட்ட சோடியம் குளோரைடை 7.26 கிராமாக்குங்கள். சுமார் 1,850 மீட்டரில் உள்ள குன்னூருக்கு 19.6, கொடைக்கானலுக்கு 19 மில்லிமோலார் அளவில் வரும். கலவையை மாற்ற விரும்பாதவர்கள் 6.7 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள வாயுவைச் சொல்லி வாங்கலாம்; செலவு கூடும். எந்த வழியானாலும், இருபது நிமிடம் ஊதிய பிறகு, 37 டிகிரியில், பாத்துக்குள்ளேயே பிஎச் அளந்து எழுதிவையுங்கள்.

இரண்டாவது இடம் வெப்பம். டிசம்பர், ஜனவரியில் அறையே 12 டிகிரியில் இருக்கும். தெர்மோஸ்டாட் 37 என்று காட்டினாலும், ரப்பர் குழாய் வழியே வருவதற்குள் நீர் ஆறிவிடும். குளிர்ந்த வாயுக்குமிழிகளும் பாத்தைக் குளிர்விக்கும். வெப்பமானியைப் பாத்துக்குள் விட்டு அளந்து, 37 வரும்வரை சுற்றுநீரின் அளவைக் கூட்டுங்கள். குழாய்களுக்கு நுரை உறை போடுங்கள். வாயுவை வெந்நீர்ப் புட்டி ஒன்றின் வழியே செலுத்தினால் குளிர்ச்சியும் ஆவியாதலும் ஒருசேரக் குறையும்.

வளையம் வெட்டி மாட்டுதல்

அடியில் சிலிக்கோன் ஊற்றிய பெட்ரி தட்டில், குளிர்ந்த கரைசலுக்குள் தமனியைப் பரப்பி, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் கொழுப்பையும் தளர்ந்த இணைப்புத் திசுவையும் கத்தரியுங்கள். இழுத்துக் கிழிக்கக் கூடாது. இரு முனைகளிலும் 2 மில்லிமீட்டரை வெட்டி எறியுங்கள். அங்கே அறுவை மின்கருவி சுட்டிருக்கும், கிளாம்ப் நசுக்கியிருக்கும். மீதியை 3 மில்லிமீட்டர் வளையங்களாக நேர்க்குறுக்காக வெட்டுங்கள். சாய்ந்து வெட்டினால் இழுவிசை ஒரு பக்கமே விழும்.

துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகள் இரண்டையும் உள்சுவரை உரசாமல் நுழைத்து, கீழ்க் கொக்கியை நிலைத்தண்டிலும் மேல் கொக்கியை இழுவிசையை மின்குறிப்பாக மாற்றும் டிரான்ஸ்டியூசரிலும் மாட்டுங்கள். எண்டோதீலியம் இல்லாத வளையம் வேண்டுமென்றால் மெல்லிய பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு மென்மையாக உருட்டுங்கள். டிரான்ஸ்டியூசரை அரை மணி முன்பே இயக்கி, 1, 2, 5 கிராம் எடைகளால் அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். 1 கிராம் என்பது 9.81 மில்லிநியூட்டன்.

ஓய்வு இழுவிசையை ஊகிக்காதீர்கள். புதிதாக ஒரு வகைத் தமனியை எடுக்கும்போது, 0.5 கிராமில் தொடங்கி அரை அரை கிராமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பொட்டாசியம் குளோரைடு கொடுத்து, சுருக்கம் உச்சமாகும் இழுவிசையைக் கண்டுபிடியுங்கள். உள்மார்புத் தமனி வளையத்துக்கு 2 கிராம் அளவில் வரலாம். அதன்பின் அதே வகைக்கு அதே அளவு.

90 நிமிடம் நிலைப்பட விட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 37 டிகிரிக் கரைசலால் கழுவுங்கள். குளிரில் வந்த திசுவுக்கு இந்த நேரத்தைக் குறைக்கவே கூடாது.

பிறகு உயிர்ச் சோதனை. 10 மில்லிலிட்டர் பாத்தில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு 0.2 மில்லிலிட்டர் விட்டால் ஏறத்தாழ 60 மில்லிமோலார். சுருக்கம் நிலைப்பட்டதும் மூன்று முறை கழுவி, அரை மணி விட்டு மறுபடி கொடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சுருக்கங்கள் ஒத்துப்போகும்வரை திசு தயாராகவில்லை. 1 கிராம்கூட எழும்பாத பெரிய தமனி வளையத்தை விட்டுவிடுங்கள்.

முன்சுருக்கம்: முடிவையே மாற்றும் படி

ஓய்வில் தொங்கும் வளையம் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது. அதில் பீட்டா மருந்தை விட்டால் கோடு அசையாது. முதலில் சுருக்க வேண்டும், அதன் மேல்தான் தளர்வை அளக்க முடியும். எதைக் கொண்டு எவ்வளவு சுருக்கினோம் என்பதைப் பொறுத்தே தளர்வின் எண் அமையும். ‘ஐசோப்ரெனலின் 40 சதவீதம் தளர்த்தியது’ என்ற வாக்கியம் மட்டும் எதையும் சொல்வதில்லை.

பொட்டாசியம் குளோரைடால் சுருக்கிவிட்டுத் தளர்வு தேடாதீர்கள். வெளியே பொட்டாசியம் மிகுந்திருக்கும்போது பொட்டாசியம் கால்வாய் திறந்தும் பயனில்லை. மின்னழுத்தம் இறங்க இடமில்லை. பீட்டா ஏற்பியின் முக்கியமான வழி ஒன்று அங்கேயே அடைபடும்.

நார்அட்ரினலின் சுருக்கும்போதே பீட்டா-1ஐயும் தொடுகிறது. எந்தப் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஃபினைல்எஃப்ரின், 1 முதல் 3 மைக்ரோமோலார், பரவலாகப் பயன்படுவது. ஆனால் சுருக்குவதே ஆல்ஃபா-1 வழியாக என்பதால், ஆல்ஃபா-1ஐத் தடுக்கும் எந்த மருந்தும் ‘தளர்த்துவது’ போலத் தோன்றும். மிராபெக்ரான், பிஆர்எல் 37344 ஆகிய பீட்டா-3 மருந்துகளுக்கு அதிகச் செறிவில் ஆல்ஃபா-1ஐத் தடுக்கும் குணம் உண்டு. ஃபினைல்எஃப்ரின் மேல் இவற்றைக் கொடுத்து, பீட்டா-3 தளர்வு கண்டோம் என்று முடிவு கட்டுவதுதான் இத்துறையில் எளிதில் விழும் குழி.

அதனால் அட்ரினெர்ஜிக் ஏற்பிகளைத் தொடாத யு-46619 என்ற திராம்பாக்சேன் ஒப்புப்பொருளையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். 1 நானோமோலாரில் தொடங்கி 30 வரை சிறிது சிறிதாகக் கூட்டி, பொட்டாசியம் சுருக்கத்தின் 50 முதல் 70 சதவீதத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் தளர்வு சிறுத்துக் காட்டும். எல்லா வளையங்களிலும் மருந்தின் செறிவு ஒன்றாக இருப்பதைவிடச் சுருக்கத்தின் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். யு-46619 கழுவினாலும் எளிதில் விடாது. ஆகவே ஒரு வளையத்துக்கு ஒரு வளைகோடு.

எண்டோதீலியச் சோதனையை இதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். மார்புத் தமனியை ஃபினைல்எஃப்ரினால் சுருக்கி, 1 மைக்ரோமோலார் அசிட்டைல்கோலின் கொடுங்கள். பாதிக்கு மேல் தளர்ந்தால் எண்டோதீலியம் நலம். நன்றாகக் கழுவிய பிறகே யு-46619.

ஐசோப்ரெனலின் வரிசை

ஐசோப்ரெனலின் ஹைட்ரோகுளோரைடு 24.8 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அந்த நீரிலும், அடுத்தடுத்து நீர்க்கச் செய்யும் நீரிலும் அஸ்கார்பிக் அமிலம் 0.1 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 17.6 மில்லிகிராம், இருக்கட்டும். அன்றன்று தயாரித்து, பனிக்கட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். இளஞ்சிவப்பு தட்டினால் மருந்து கெட்டுவிட்டது.

10 மில்லிலிட்டர் பாத்துக்கான கூட்டுவரிசை (பாத்தில் சேரும் மொத்தச் செறிவு முதலில், விட வேண்டியது அடுத்து):

- 1 நானோமோலார்: 1 மைக்ரோமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர்
- 3 நானோமோலார்: அதிலேயே 20
- 10 நானோமோலார்: 10 மைக்ரோமோலார் கரைசலில் 7
- 30 நானோமோலார்: அதிலேயே 20
- 100 நானோமோலார்: 100 மைக்ரோமோலார் கரைசலில் 7
- 300 நானோமோலார்: அதிலேயே 20
- 1 மைக்ரோமோலார்: 1 மில்லிமோலார் கரைசலில் 7
- 3 மைக்ரோமோலார்: அதிலேயே 20
- 10 மைக்ரோமோலார்: 10 மில்லிமோலார் கரைசலில் 7

ஒவ்வொரு படியிலும் கோடு சமமாகும்வரை, பொதுவாக 3 முதல் 5 நிமிடம், காத்திருங்கள். மிக மெதுவாகச் சென்றாலும் கெடும்: ஏற்பி நீண்ட நேரம் தூண்டப்பட்டால் ஜிஆர்கே நொதிகள் அதில் பாஸ்பேட் ஏற்ற, பீட்டா-அரெஸ்டின் வந்து ஒட்டி, ஏற்பி மரத்துப்போகும்.

10 மைக்ரோமோலாரை நெருங்கும்போது தளர்வு நின்று, கோடு மறுபடி மேலே ஏறினால், ஐசோப்ரெனலின் ஆல்ஃபா ஏற்பியைத் தொடத் தொடங்கிவிட்டது. ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமின் 1 மைக்ரோமோலார் முன்பே சேர்த்த இணை வளையத்தில் அந்த ஏற்றம் மறைய வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு வளையத்துக்கு மருந்தில்லாத அஸ்கார்பிக் நீரை அதே அளவுகளில், அதே நேரங்களில் விடுங்கள். முன்சுருக்கம் தானாகவே சரியும். இந்த வளையம் இல்லாமல் 10, 15 சதவீதத் தளர்வைப் பற்றிப் பேசவே முடியாது. மார்புத் தமனியில் வருவதே அந்த அளவாக இருக்கலாம்.

கடைசியில் எல்லா வளையங்களுக்கும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார், அதன்பின் பாப்பாவெரின் 100 மைக்ரோமோலார். ஃபோர்ஸ்கோலின் ஏற்பியைத் தாண்டி அடினைல் சைக்ளேஸை நேரே தட்டும். பாப்பாவெரின் எல்லைவரை தளர்த்தும்.

எந்த பீட்டா?

முன்சுருக்கத்துக்கு 45 நிமிடம் முன்பே தடுப்பியைச் சேர்க்க வேண்டும். பீட்டா-1க்கு சிஜிபி 20712ஏ, 100 நானோமோலார். பீட்டா-2க்கு ஐசிஐ 118551, 100 நானோமோலார். வெவ்வேறு வளையங்களில், ஆனால் ஒரே நோயாளியின் திசுவில்.

தடுப்பி வேலை செய்ததா என்று பார்ப்பதோடு நிற்காமல், எவ்வளவு நகர்த்தியது என்று பாருங்கள். ஐசிஐ 118551 பீட்டா-2ஐப் பிடிக்கும் மாறிலி ஏறத்தாழ 1 நானோமோலார். பீட்டா-1இல் அதைவிட நூறு மடங்கு தளர்வான பிடி. ஆகவே தளர்வு பீட்டா-2 வழியாக வந்தால் வளைகோடு நூறு மடங்கு வலப்பக்கம் போகும்: பாதித் தளர்வுச் செறிவு 30 நானோமோலாரிலிருந்து 3 மைக்ரோமோலாருக்கு. பீட்டா-1 வழியென்றால் வெறும் இரு மடங்கு, 60 நானோமோலார். நடுவே பத்து மடங்கில் நின்றால் இரண்டும் கலந்திருக்கலாம். அல்லது தடுப்பி சமநிலைக்கு வரவில்லை. நகர்ந்த வளைகோட்டை முடிக்க 30, 100 மைக்ரோமோலார்வரை ஐசோப்ரெனலின் தேவைப்படும். அங்கே ஆல்ஃபா விளைவு குறுக்கிடும் என்பதால் இந்தத் தொடர் முழுவதிலும் ஃபென்டோலமின் இருக்கட்டும்.

1 மைக்ரோமோலார் ப்ரோப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும், பீட்டா-3ஐ அதிகம் தொடாது. அதற்குப் பிறகும் மிஞ்சும் தளர்வு, நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் எல்-நேம் 100 மைக்ரோமோலாரில் போய்விட்டால் பீட்டா-3, நைட்ரிக் ஆக்சைடு வழியைச் சந்தேகிக்கலாம். பொட்டாசியம் கால்வாய்ப் பங்கைப் பார்க்க கிளிபென்கிளமைடு 10 மைக்ரோமோலார், ஐபீரியோடாக்சின் 100 நானோமோலார். புரோஸ்டாகிளாண்டின் குழப்பத்தை நீக்க இண்டோமெதாசின் 10 மைக்ரோமோலார் போடலாம். போட்டால் எல்லா வளையத்துக்கும் போடுங்கள். ஆல்கஹாலில் கரைத்த மருந்துகளின் மொத்த அளவு 10 மைக்ரோலிட்டரைத் தாண்ட வேண்டாம்.

தளரவில்லை என்றால்

ஃபோர்ஸ்கோலினைப் பாருங்கள். அதற்கு நன்றாகத் தளர்ந்து ஐசோப்ரெனலினுக்குத் தளரவில்லை என்றால் குறை ஏற்பியிலோ ஜிஎஸ் புரதத்திலோ. தமனியின் இயல்பு, முதுமை, கழலாத பீட்டா தடுப்பி, கெட்டுப்போன ஐசோப்ரெனலின் என்ற வரிசையில் யோசியுங்கள். கடைசிக் காரணத்தைக் கண்டறிவது எளிது: அதே கரைசலை ஆட்டுக் கரோனரி வளையத்தில் போட்டுப் பாருங்கள்.

ஃபோர்ஸ்கோலினுக்கும் தளரவில்லை, பாப்பாவெரினுக்குத் தளர்கிறது என்றால் சைக்ளிக் ஏஎம்பி உருவாகும் வேகத்திலேயே உடைகிறதா என்று பார்க்க வேண்டும். சிலோஸ்டமைடு பாஸ்போடைஎஸ்டெரேஸ் 3ஐயும், ரோலிப்ராம் 4ஐயும் அடக்கும். இவற்றைச் சேர்த்ததும் தளர்வு வந்தால் விடை கிடைத்தது. கால் வலிக்கு மருத்துவர்கள் தரும் சிலோஸ்டசால் இதே பாஸ்போடைஎஸ்டெரேஸ் 3ஐ அடக்கித்தான் குழாயை விரிக்கிறது. பாப்பாவெரினுக்கும் அசையாவிட்டால் முன்சுருக்கம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, அல்லது திசு செத்துவிட்டது.

கோடு அலை அலையாக ஏறி இறங்கினால், முதலில் வாயுக்குமிழி கொக்கியில் மோதுகிறதா என்று கவனியுங்கள். குமிழியைக் குறைத்தும் அலை நிற்கவில்லை என்றால் அது தமனியின் சொந்த அசைவு; அலையின் நடுப்புள்ளியை எடுங்கள்.

கணக்கு

ஓய்வு 2.0 கிராம், முன்சுருக்கம் 5.0 கிராம், மருந்துக்குப் பின் 4.1 கிராம் என்றால், தளர்வு 0.9 ÷ 3.0, அதாவது 30 சதவீதம். ஓய்வைக் கழிக்காமல் 5.0ஆல் வகுத்தால் 18 என்று வரும். இது அடிக்கடி நடக்கும் பிழை. மருந்தில்லா வளையத்தின் சரிவை அதே நிமிடத்தில் கழியுங்கள். பாதித் தளர்வுச் செறிவை மடக்கை அளவில் சராசரி எடுங்கள், நேர் எண்ணில் எடுக்காதீர்கள்.

ஒரு நோயாளியிடமிருந்து எட்டு வளையம் வெட்டினாலும் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். வளையங்களின் சராசரி அந்த நோயாளியின் எண்; புள்ளியியலில் நோயாளிகளையே எண்ண வேண்டும். அறிக்கையின் செய்முறைப் பகுதியில் தமனியின் பெயர், முன்சுருக்கிய மருந்து, அது பொட்டாசியம் சுருக்கத்தில் எத்தனை சதவீதம், பாத்துக்குள் அளந்த பிஎச், வெப்பம், அன்றைய காற்றழுத்தம் ஆறையும் எழுதுங்கள். சென்னையில் இருப்பவர் உங்கள் வளைகோட்டைத் தன்னுடையதோடு ஒப்பிடும்போது இந்த ஆறும் அவருக்குத் தேவைப்படும்.